நாங்கள் எழுதிக் கொடுக்காத கடைசிச் சுற்று

டிவிக்காக நாங்கள் உருவாக்கிய விளையாட்டு எங்கள் வீட்டு கேட்டில் தொடங்கியது. சாயங்காலம் கேட்டைத் திறக்கும்போது நான் தொண்டையைச் செருமுவேன். என் முகத்தைப் பார்க்காமலே அடுக்களையிலிருந்து மனைவி சொல்லுவாள்.

"ஆருட்டயோ சண்டை போட்டுட்டாக்கும் வாறிய?"

அவள் சொன்னது சரியென்றால் அன்று தேங்காய் துருவுவது நான், தப்பென்றால் அவள். நான் நிறையத் தேங்காய் துருவியிருக்கிறேன்.

பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கம் ஓண விழாவுக்கும் சர்ச் ஆண்டு விழாவுக்கும் மேடையேறி, மைக் பிடித்துப் போட்டி நடத்துகிறவன் நான். அவள் அங்கன்வாடி டீச்சர். பிள்ளைகளுக்கு நாளுக்கொரு விளையாட்டு உண்டாக்கிப் பழகிய மூளை. இருவரும் சேர்ந்து தம்பதிகளுக்கான ஒரு நிகழ்ச்சியை யோசித்தோம். முதல் மூன்று சுற்றும் என்னுடையவை, ஏதோ சுமார் ரகம். கடைசிச் சுற்று அவளுடையது. ஒருவரிடம் திரைக்குப் பின்னால் ஒரு சேதி சொல்லப்படும். அவர் ஒரே ஒரு தடவை செருமுவார். அது நல்ல சேதியா கெட்ட சேதியா என்று வெளியே நிற்கும் துணை சொல்ல வேண்டும்.

நிகழ்ச்சி முடியும்போது ஓடுகிற பெயர்களில் தன் பெயரும் ஒரு தடவை ஓட வேண்டும். அவளுக்கு இருந்த ஆசை அவ்வளவுதான். "எவ்வளவு வேகமா ஓடினாலும் நான் வாசிச்சிருவேன்" என்பாள்.

வெறும் எண்ணத்துக்குச் சட்டத்தில் காவல் கிடையாது, விரிவாக எழுதிக் கொடுத்தால் கொஞ்சம் பிடிமானம் உண்டு என்றார் நெய்யாற்றின்கரை வக்கீல். மூன்று சுற்றை எழுதினோம். நாலாவதை எழுத அவள் விடவில்லை. "அது நம்ம கையில இருக்கட்டு. ஒப்பந்தம் போட்ட பெறவு சொல்லலாம்."

திருவனந்தபுரத்தில் ஒரு சேனல் ஆபீசில் நிகழ்ச்சிப் பொறுப்பாளர் மலையாளத்தில் கேட்டார், நாங்களும் மலையாளத்தில் சொன்னோம். மூன்று சுற்றையும் கேட்டு உதட்டைப் பிதுக்கினார். "வேறே வல்லதும் உண்டோ?" என்றார், வேறு ஏதாவது இருக்கிறதா என்று. அங்கேதான் எங்கள் ஊர்ப் புத்தி வேலை செய்தது. நாகர்கோவில் துணிக்கடையில் எங்களுக்குள் ரகசியம் பேச மலையாளம், திருவனந்தபுரம் கடையில் தமிழ். இரண்டு ஊர்க் கடைக்காரர்களும் ஏன் சிரித்தார்கள் என்று இப்போதுதான் புரிகிறது. அந்த மனிதரை எதிரில் வைத்துக்கொண்டே நான் தமிழுக்குத் தாவினேன்.

"அந்தச் செருமுற ரவுண்டச் சொல்லட்டா?"

"சொல்லப்பிடாது."

"அதுல என்ன பெரிய காரியம் இருக்கு?"

"பொண்டாட்டி செருமினா நல்ல சேதியா கெட்ட சேதியாண்ணு மாப்பிள கண்டுபிடிக்கணும். அதாக்கும் இதுக்க உயிரு. அதையும் குடுத்தா நமக்கு என்ன உண்டு?"

அவர் டீயை உறிஞ்சிக்கொண்டிருந்தார். நாங்கள் கிளம்பும்போது கதவு வரை வந்து, சுத்தமான தமிழில், "பத்திரமா போயிட்டு வாங்க" என்றார். படிக்கட்டில் அவள் என் கையை இறுகப் பிடித்தாள்.

அடுத்த ஓணத்துக்கு அந்த சேனலில் ஒரு தம்பதிகள் நிகழ்ச்சி வந்தது. என் சுற்றுகள் ஒன்றுகூட அதில் இல்லை. கடைசிச் சுற்று மட்டும் அப்படியே அவளுடையது. வக்கீலிடம் ஓடினேன். "நீங்கள் எழுதிக் கொடுத்ததில் இது இல்லையே" என்றார். எழுதியதை யாரும் தொடவில்லை, எழுதாமல் காத்ததுதான் போயிருந்தது. நிகழ்ச்சி வந்த அன்று, கடைசிப் பெயர் ஓடி முடியும்வரை அவள் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து சோறு எடுத்துவைத்தாள்.

மறுநாள் சாயங்காலம் கேட்டைத் திறந்து செருமினேன். பதில் இல்லை. இன்னொரு தடவை செருமிப் பார்த்தேன். உள்ளே போனால் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணும் சொல்லல்லியே?"

"அது இப்ப டிவியில உள்ளதுல்லா" என்றாள், நிமிராமல்.

நிகழ்ச்சி போனது கூட எனக்கு ஆறிவிடும். இது ஆறவில்லை. இப்போதெல்லாம் நான் எந்த நேரத்துக்கு வந்தாலும் அடுக்களையில் தேங்காய் துருவி முடிந்திருக்கிறது.