பீரோவில் தெரிந்த மலை

எங்கள் வீட்டுக்கு முதல் முறை வருபவர்கள், இந்த வீட்டுக்காரன் வீட்டு அலங்காரத்தைப் பற்றி இவ்வளவு படித்தவன் என்று சத்தியம் செய்தாலும் நம்பமாட்டார்கள். கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள், அவற்றின் மேல் காயும் துண்டுகள், சுவரில் மளிகைக்கடை கொடுத்த காலண்டர். ஆனால் என்னிடமுள்ள உள் அலங்கார, கட்டடக்கலைப் புத்தகங்களை எடைக்குப் போட்டால் ஒரு ஆட்டோ நிறையும்.

அதற்குக் காரணம் இந்த ஊர்தான். மலையைத் தேடி வந்து சில வருஷம் தங்கிவிட்டுத் திரும்பும் வெளிநாட்டுக்காரர்கள், பற்று அறுத்துக் கிளம்பும்போது முதலில் அறுப்பது கனமான புத்தகங்களை. அவை பழைய பேப்பர் கடைக்கு வரும், அங்கிருந்து என்னிடம் வரும். பளபளக்கும் தாள். வெள்ளை அறை, ஒற்றை நாற்காலி, கிண்ணத்தில் ஒரே ஒரு எலுமிச்சை. அந்த வீடுகளில் யாரும் துணி காயப்போடுவதில்லை, யாருக்கும் ஜலதோஷம் பிடிப்பதில்லை. நான் மணிக்கணக்கில் பார்ப்பேன். பார்த்ததோடு சரி, ஒரு ஆணி அடித்ததில்லை.

போன கார்த்திகைக்குக் கொஞ்ச நாள் முன்பு என் மனைவி வாசற்படியில் சறுக்கி விழுந்தாள். இடது இடுப்பில் அறுவை சிகிச்சை. மல்லாந்து படுக்கலாம், அல்லது முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைத்து வலது பக்கம் ஒருக்களிக்கலாம், வேறு எதுவும் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வலியைப் பற்றி அவள் அதிகம் பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் கேட்டது ஒன்றுதான்.

"ஏங்க, தீபம் எப்படிப் பாப்பேன்?"

பிறந்ததிலிருந்து அவள் மலை மேல் தீபம் ஏற்றுவதைப் பார்க்காத வருஷமில்லை. எங்கள் தெருவில் எல்லோரும் மொட்டை மாடியில் ஏறிப் பார்ப்பார்கள், பார்த்த பிறகுதான் வீட்டில் விளக்கேற்றுவார்கள், சாப்பிடுவார்கள். அவளால் மாடி ஏற முடியாது. "டிவியில காட்டுவாங்க," என்றேன். "டிவியில பாக்க நான் என்ன அமெரிக்காவுலயா இருக்கேன்?" என்றாள்.

படுக்கையறைக்கு மேற்குப் பக்கம் ஒரு ஜன்னல். அதில் மலை தெரியும். கட்டிலோ தெற்கே தலை வைத்துக் கிடந்தது. வலப்பக்கம் ஒருக்களித்தால் அவள் முகம் கிழக்குச் சுவரைப் பார்க்கும், முதுகு மலையைப் பார்க்கும். ஜன்னல் கால்மாட்டுப் பக்கம் இருந்ததால், மல்லாந்து தலையை மட்டும் திருப்பினாலும் வெறும் சுவர்தான் தெரியும்.

நான் புத்தகங்களை இறக்கினேன். ஒன்றில் நான் தேடியதே முழுப்பக்கப் படமாக இருந்தது. கட்டிலை ஜன்னலுக்கு நேராகப் போட்டு, மல்லாந்தபடியே ஒருத்தி பனிமலையைப் பார்க்கிறாள். கீழ்பென்னாத்தூரிலிருந்து அக்காவைப் பார்க்க வந்திருந்த என் மச்சானிடம் காட்டினேன். அவன் புத்தகத்தை நேராகவும் தலைகீழாகவும் பார்த்தான்.

"சூப்பரா கீது மாமா. ஆனா இந்தம்மா கால எங்க நீட்டிக்கினு கீது?"

மலையைப் பார்த்து நீட்டியிருந்தாள். பனிமலைக்கு அதில் ஆட்சேபம் இல்லை போலிருக்கிறது. எங்கள் மலை சாமி. கோயிலுக்குள் இருக்கும் சாமிக்குக்கூடக் கதவு சாத்துவார்கள், இதற்குக் கதவும் கிடையாது.

"அவருக்கு நேரா கால நீட்டி அவரயே பாக்கறதா? இன்னொரு இடுப்பும் போவட்டும்னா?" என்றாள் மனைவி.

அப்படியானால் தலையை வடக்கே மாற்றிப் போட்டுவிடலாம், வலப்பக்கம் திரும்பினால் நேரே மலை என்றேன். கணக்கு சரியாகத்தான் இருந்தது. அக்காவும் தம்பியும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள். வடக்கே தலை வைத்து யாரைப் படுக்கவைப்பார்கள் என்பது அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

"ஊதுவத்தியும் வாங்கியாரட்டா மாமா?" என்றான் மச்சான்.

மறுபடி புத்தகம். இந்த முறை படங்களை விட்டுவிட்டு எழுத்தைப் படித்தேன், இத்தனை வருஷத்தில் அதுவே முதல் தடவை. சின்ன அறையில் ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் பெரிய கண்ணாடி வைத்தால் வெளியே இருப்பது உள்ளே வரும் என்று ஒரு வரி இருந்தது. சத்தமாகப் படித்தேன். எவ்வளவு பெரிய கண்ணாடி, எந்தக் கடை என்று நான் ஆரம்பிப்பதற்குள் கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"எங்கப்பா சீருக்குக் குடுத்த பீரோல கண்ணாடி இல்லையா? அதத் தள்ளிப் போடுங்க."

பீரோவைக் கூடத்திலிருந்து உள்ளே தள்ளும் சத்தத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் வீடு காலி செய்கிறோமா என்று விசாரித்தார்கள். கிழக்குச் சுவரோரம் நிறுத்தினோம். அவள் வலப்பக்கம் ஒருக்களித்து, கண்ணாடியைப் பார்த்தாள்.

"கழுத்து வரைக்கும் தெரியறாரு. உச்சி தெரியல. ஜன்னல் சட்டம் மறைக்குது."

தீபம் உச்சியில்தான் ஏற்றுவார்கள். மச்சான் பீரோவின் முன்பக்கத்தைத் தூக்கிப் பார்த்தான். பீரோ பின்னால் சாயச் சாய, கண்ணாடியில் மலை மெல்ல இறங்கி வந்தது. "அப்படியே நில்லு," என்றாள் அக்கா. "தீபம் வரைக்குமாக்கா?" என்றான் தம்பி. முன்கால்களுக்கு ஏதாவது முட்டுக் கொடுக்க வேண்டும். செங்கல் தேட நான் வாசலுக்குப் போய் வருவதற்குள், இரண்டு தடிப் புத்தகங்கள் உள்ளே போயிருந்தன. வெள்ளை அறை ஒரு காலுக்கு, பனிமலை இன்னொரு காலுக்கு. பீரோ சுவரில் சாய்ந்து நின்றது. உச்சி வந்தது.

தீபத்தன்று மச்சான் மாடிக்குப் போனான். நான் கட்டிலருகே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். இந்த ஊரில் பிறந்தவன், வாழ்க்கையில் முதல் தடவையாக மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தீபத்துக்குக் காத்திருந்தேன். வெளிச்சம் குறைந்தது. தெருவெல்லாம் ஒரே குரலாக அரோகரா எழுந்தபோது, பீரோக் கைப்பிடிக்குச் சற்று மேலே ஒரு பொட்டு எரிந்தது. அவள் கைகூப்பினாள். நானும் பீரோவைக் கும்பிட்டேன். அதற்குள் என் பழைய சட்டைகளும் இருந்தன, அவற்றுக்கும் சேர்த்துத்தான். முட்டுக் கொடுத்த புத்தகங்களுக்கும், அவற்றை எடைக்குப் போட்டுவிட்டு ஊருக்குப் போன முகம் தெரியாதவர்களுக்கும் சேர்த்து.

நான் எழுந்து போய் வாசலில் அகல் ஏற்றிவிட்டு வந்தேன். அவள் கையை நீட்டி, கண்ணாடியில் தெரிந்த மலையின் அடிவாரத்தில் விரலைக் காற்றில் நகர்த்திக்கொண்டிருந்தாள். பௌர்ணமிதோறும் நடந்த கால்கள், இப்போது விரல் நடக்கிறது. எங்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் கிரிவலம் போகிறவர்கள் வலமிருந்து இடமாகப் போவார்கள். அவளும் அப்படியே போனாள்.

"ஏம்மா, அது கண்ணாடி. எல்லாம் எடம் மாறித் தெரியும். நீ இப்ப எதிர்ப்பக்கமா சுத்தறே."

விரல் நின்றது.

"உங்க புத்தகத்துல போட்டுக்கிதா?"

"இல்ல."

"அப்ப நீங்களா யோசிச்சீங்களா? பரவால்லயே," என்றாள். விரலைத் திருப்பி, முதலிலிருந்து ஆரம்பித்தாள்.