பீசியா, கொன்சோலா: ஒரு கேள்விக்கு நான் சொன்ன இரண்டு பதில்

1. வெள்ளிக்கிழமை

ஜும்ஆ தொழுகை முடிந்து வந்து கடைக் கதவைப் பாதி தூக்கியிருந்தேன். அஜ்மீரும் றிபாஸும் ஒன்றாகக் குனிந்து உள்ளே வந்தார்கள். அஜ்மீர், றிபாஸின் கூடப்பிறந்த ராத்தா நஸ்றினைக் கட்டியவன். சாய்ந்தமருதில் நஸ்றினின் சீதன வீட்டு முன்னறையில் இருவரும் சேர்ந்து ஒரு கேம் கடை நடத்தினார்கள். அங்குள்ள மெஷின்கள் பழுதானால் பார்ப்பது நான்தான். இருவரும் இரண்டு கிழமையாகக் கதைப்பதில்லை என்று கேள்விப்பட்டிருந்தேன். சேர்ந்து வந்ததைக் கண்டதும் கோபம் தீர்ந்துவிட்டது, அல்ஹம்துலில்லாஹ் என்று நினைத்தேன்.

றிபாஸ் உட்காரவில்லை. ஊரில் இளையவர்களுக்கெல்லாம் நான் காக்கா, அதாவது அண்ணன்.

"பாறூக் காக்கா, கடை போட முதல் நான் உங்களிட்ட ஒரு கேள்வி கேட்டன். ஞாபகம் இரிக்கா?"

"ஆயிரம் பேர் ஆயிரம் கேக்குற. எதச் சொல்றாய்?"

"அஞ்சாறு வருஷம் ஓட்டினா பீசி லாபமா, கொன்சோல் லாபமா எண்டு கேட்டன். பீசிதான் எண்டு சொன்னீங்க."

"ஓம், சொல்லியிருப்பன்."

அஜ்மீர் மேசையில் கையை ஊன்றினான். "அதே கிழமைதான் நானும் வந்து கேட்டன். எனக்குக் கொன்சோல்தான் லாபம் எண்டு சொன்னீங்க. இப்ப சொல்லுங்க, எங்க ரெண்டு பேர்ல ஆருக்குப் பொய் சொன்னீங்க?"

கையில் ஒரு லேப்டொப்பின் அடிமூடி இருந்தது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் நான் அப்படித்தான் சொல்லியிருந்தேன்.

2. ஏன் அப்படிச் சொன்னேன்

கல்முனையில் கொம்பியூட்டர் பழுது பார்க்கத் தொடங்கி இருபத்தி நாலு வருஷம். இந்தத் தொழிலுக்கு வரும் தம்பிமார் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். ஸ்க்ரூ கழட்டுவது லேசு. வாடிக்கையாளரின் கேள்விக்குப் பதில் சொல்வதுதான் வேலை. விளையாடப் பீசி என்ற கொம்பியூட்டரா, டீவியில் பூட்டும் கொன்சோல் பெட்டியா என்று கேட்டு வருபவன் பெரும்பாலும் எதை வாங்குவது என்று முடிவெடுத்துவிட்டுத்தான் வருவான். அவனுக்கு வேண்டியது ஓம் என்று சொல்ல ஒரு வாய். வேறு பதில் சொன்னால் அரை மணித்தியாலம் நம்மோடு வாதாடுவான். நமக்கு வேலை கிடக்கும்.

றிபாஸ் கேட்ட நேரம் ஓர் அலுவலகப் பிரிண்டரை அவசரமாகத் திருத்திக்கொண்டிருந்தேன். அவனுக்குப் பீசியில் விருப்பம் என்பது முகத்திலேயே தெரிந்தது. "பீசிதான்டா. கேம் மலிவு, காசில்லாத கேமும் இரிக்கி. ஒரு பார்ட் போனா அந்தப் பார்ட்ட மட்டும் மாத்தலாம்" என்று சொல்லி அனுப்பினேன். அஜ்மீர் கட்டாரில் எட்டு வருஷம் இருந்துவிட்டு வந்தவன். அங்கே அறையில் ஆறு பேரும் கொன்சோலில் புட்போல் விளையாடுவார்களாம். அவனுக்கு, "கொன்சோல்தான். ஒருக்கா வாங்கினா ஏழெட்டு வருஷம் கையே வைக்கத் தேவல்ல" என்றேன்.

இரண்டும் பொய் இல்லை. இரண்டும் பாதி. மற்றப் பாதியைச் சொல்ல எனக்குப் பொறுமை இருக்கவில்லை. அந்தக் கிழமையில் மிச்சம் பிடித்த பத்து நிமிஷத்துக்காக அடுத்த ஐந்து வருஷம் நான் பட்ட பாடு கொஞ்சமில்லை.

3. பலகை

சண்டை வேண்டாம் என்று இருவரும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். முன்னறையின் இடப்பக்கம் றிபாஸின் ஆறு பீசி, வலப்பக்கம் அஜ்மீரின் நாலு கொன்சோல். அவனவன் வரும்படி அவனவனுக்கு. முதல் வருஷம் நன்றாகத்தான் போனது. பெருநாள் கிழமைகளில் வாசலில் செருப்பு வைக்க இடமிருக்காது.

பிறகு செலவு வரத் தொடங்கியது. அது இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் வராது. அதுதான் வினை. ஒருவனுக்குச் செலவு வரும்போது மற்றவன் சும்மா இருப்பான். சும்மா இருப்பவன் சிரிப்பான்.

வீட்டிலிருந்து கடல் கூப்பிடு தூரம். உப்புக்காற்று முதலில் பீசிகளுக்குள் போனது. ஒரு கிராஃபிக்ஸ் கார்டைக் கழட்டினால் ஓரமெல்லாம் பச்சை பூத்துக் கிடந்தது. நாட்டில் கரண்ட் வெட்டிய காலத்தில், போன கரண்ட் திரும்பி வரும் வேகத்தில் பவர் சப்ளை இரண்டு வெடித்தது. யூபிஎஸ் போடு என்று நான் சொல்லியிருந்தேன். "பிறகு பாப்பம் காக்கா" என்று றிபாஸ் சொல்லியிருந்தான். அதற்கிடையில் புதுக் கேம்கள் வந்தன. பழைய கார்டில் அவை இழுத்து இழுத்து ஓடின. விளையாட வந்த இளந்தாரிகள் ஒரு கிழமை பார்த்துவிட்டு வேறு கடைக்குப் போனார்கள். கார்ட் மாற்றப் போனால், டொலர் ஏறியதில் பழைய விலைக்கு அரைக் கார்ட்தான் வரும். தன் வயலில் அந்தச் சிறுபோகத்துக்கு விளைந்த நெல்லை விற்ற காசை அப்படியே கொண்டுவந்து றிபாஸ் என் மேசையில் வைத்தான்.

"இதுக்கு ரெண்டு கார்ட் வாங்கித் தாங்க. அவருக்குச் சொல்லாதீங்க."

அவருக்கு யார் சொல்ல வேண்டும்? பெட்டியைக் கண்டதும் அஜ்மீர், "ஒரு பார்ட்ட மட்டும் மாத்தலாம் எண்டு சொன்னாங்களே, இன்னும் எத்தின பார்ட்டு மச்சான்?" என்று கேட்டுச் சிரித்திருக்கிறான்.

அடுத்த வருஷம் அஜ்மீரின் முறை. கொன்சோலில் கை வைக்கத் தேவையில்லை என்றேன் அல்லவா? மெஷினில்தான் தேவையில்லை. கொன்ட்ரோலரை நாள் முழுக்க முப்பது பேர் முறுக்கினால் அது எத்தனை மாதத்துக்கு? கையை எடுத்தாலும் திரையில் ஆள் தானாக ஓடுவான். ஸ்டிக்கை மாற்றினேன், மறுபடியும் மாற்றினேன், கடைசியில் கொன்ட்ரோலரையே மாற்றச் சொன்னேன். டிஸ்க் ஒவ்வொன்றும் பீசிக் கேமைப் போல நாலைந்து மடங்கு விலை. புட்போல் கேம் வருஷத்துக்கொன்று புதிதாக வரும். போன வருஷத்து டீமோடு விளையாட ஒருவரும் வரமாட்டார்கள். ஒன்லைனில் விளையாட மாதச் சந்தா, அதுவும் டொலரில், கட்டாரில் இருக்கும் கூட்டாளியின் கிரெடிட் கார்டில். கடைசியில் கொம்பனி புது மொடலையே இறக்கியது. பழையதற்குப் புதுக் கேம் வருவது குறைந்தது. பீசியில் என்றால் ஒரு கிராஃபிக்ஸ் கார்டோடு போயிருக்கும். இதில் முழுப் பெட்டியையும் தூக்கிவைத்துவிட்டுப் புதுப் பெட்டி வாங்க வேண்டும்.

இப்போது சிரிப்பது றிபாஸின் முறை.

இந்தச் சிரிப்புகளுக்கு நடுவில்தான் அறைக்குக் குறுக்கே பிளைவூட் பலகை அடித்தார்கள். அதன் பிறகு நான் போனால் ஒரு பக்கம் வேலை முடித்து, வெளியே இறங்கி, மறு கதவால் மறு பக்கம் போக வேண்டும். ஒரே ஃபேன். பலகை அடித்ததால் காற்று ஒரு பக்கத்துக்கு மட்டும். அதற்கும் ஒரு சண்டை. நான் குனிந்து சூடு தணிக்கும் தேர்மல் பேஸ்ட் பூசும்போது றிபாஸ் காதுக்குள் கேட்பான்: "அந்தப் பக்கத்துக்கு இந்த மாசம் எவ்வளவு பில் போட்டீங்க?" மறுபக்கம் போனால் அஜ்மீர் அதையே கேட்பான். தண்ணீர் கேட்டால் மட்டும் இரண்டு பேருக்கும் காது கேட்காது. நஸ்றின்தான் உள்ளேயிருந்து கொண்டுவந்து தருவார்.

அந்த வெள்ளிக்கிழமை இருவரும் என் கடைக்கு வந்தது, நான் சொன்ன இரண்டு பதிலும் சண்டைக்குள் வாய்தவறி வெளியே வந்ததால். ஐந்து வருஷத்தில் இருவரும் ஒத்துப்போன ஒரே விஷயம், பிழை என்னுடையது என்பதுதான்.

4. நஸ்றினின் அழைப்பு

மறுநாள் நஸ்றின் போனில் கோல் எடுத்தார்.

"காக்கா, நீங்க பத்த வெச்ச நெருப்பு. நீங்களே வந்து அணைங்க. நாளைக்குப் பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு ஊட்டுக்கு வாங்க. அவங்க ரெண்டு பேரும் இரிப்பாங்க."

மறுக்க முடியவில்லை. செய்த ஒவ்வொரு வேலைக்கும் ஜொப் கார்ட் எழுதி வைப்பது என் வழக்கம். சாய்ந்தமருதுக் கடைக்கான கார்டுக் கட்டை எடுத்துக்கொண்டு போனேன். பீசி ஒரு குவியல், கொன்சோல் ஒரு குவியல். வீட்டு ஹோலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வாசித்தேன். வாங்கிய விலை, பார்ட், என் கூலி, அவர்களிடம் கேட்டெழுதிய டிஸ்க், சந்தா எல்லாம் கூட்டினேன். பீசிக்குக் கேம் செலவு கொஞ்சம், மெஷின் செலவு அதிகம். கொன்சோலுக்கு அப்படியே மறுபக்கம். கடைசித் தொகை இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று. ஒரு கொன்ட்ரோலர் விலைதான் வித்தியாசம்.

இதோடு இருவரும் அமைதியாகிவிடுவார்கள் என்று நம்பினேன். எனக்கு என்ன பைத்தியமோ.

"ரெண்டு மொனிட்டர் எனக்கு முதலே இரிந்த. அதக் கழிங்க" என்றான் றிபாஸ்.

"அப்ப என்ட டீவியக் கழிக்கலியே? நான் கட்டார்ல இரிந்து கொண்டுவந்த டீவி!"

"பழைய டிஸ்க்க வித்த காசு எங்க? அதக் காட்டல்ல இவர்."

"பழைய கார்ட வித்தியே, அது?"

ஜொப் கார்டுகளை மேசையில் போட்டுவிட்டு எழும்பினேன். போகத்தான் எழும்பினேன். அப்போது கதவடியில் நின்ற நஸ்றின் கேட்டார்:

"காக்கா, கரண்ட எந்தப் பக்கத்துல எழுதியிரிக்கீங்க?"

கார்டுகளைப் பார்த்தேன். எங்கேயும் எழுதியிருக்கவில்லை. அது என் வேலை இல்லையே. அஜ்மீர் றிபாஸைப் பார்த்தான். றிபாஸ் அஜ்மீரைப் பார்த்தான். கரண்ட் பில்லை மற்றவன் கட்டுகிறான் என்று அவனும் நினைக்கவில்லை, இவனும் நினைக்கவில்லை. இருவரும் அதைப் பற்றி நினைத்ததே இல்லை. முன்னறைக்குத் தனி மீட்டர் கிடையாது. வீட்டு மீட்டர்தான். வீட்டுப் பில்லைக் கட்டுவது நஸ்றின்.

நஸ்றினுக்கு ஒரு தொழில் இருந்தது. ரோல்ஸ், பெட்டிஸ் என்று பொரிக்கிற தின்பண்டம் செய்து, டீப் ஃப்ரீசரில் வைத்து, பாலமுனை வரைக்கும் கடைகளுக்குக் கொடுப்பார். கல்யாண வீடுகளுக்கும் ஓடர் எடுப்பார். நானும் தின்றிருக்கிறேன். இரண்டு வருஷமாக அது இல்லை. ஓடர் குறைந்துவிட்டது என்று சொன்னார்கள். நானும் ஏன் என்று கேட்கவில்லை.

"உள்ள வாங்க காக்கா" என்றார். சமையல் குசினிக்குப் போனோம். ஃப்ரீசர் சுவரோரம் நின்றது. மூடியைத் தூக்கினார். உள்ளே மடித்த பெட்ஷீட்டும் இரண்டு அரிசிப் பையும்.

பின்னால் வந்த அஜ்மீர், "ஓடர் கொறஞ்சி போச்சி எண்டுதானே சொன்னீங்க?" என்றான்.

"ஓடர் கொறயல்ல. நான்தான் வேணாம் எண்டு சொன்ன." குரலை உயர்த்தவில்லை. "கரண்ட் விலை ஏறின நேரம் பில்லு வந்திச்சி. பாத்த உடன தல சுத்திச்சி. ஒண்ட நிப்பாட்டத்தான் வேணும். உங்கட மெஷின நிப்பாட்டச் சொன்னா ரெண்டு பேரும் என்னத்தச் சொல்வீங்க? அவன்ட பக்கத்த நிப்பாட்டு எண்டு நீங்க சொல்வீங்க. இவர்ட பக்கத்த நிப்பாட்டு எண்டு இவன் சொல்வான். அதான் என்டத நிப்பாட்டின. முதல் சேத்து வெச்சிரிந்த காசிலதான் இவ்வளவு நாளும் பில்லுக் கட்டின. இப்ப அதுவும் முடிஞ்சி."

"ராத்தா, எங்களிட்டச் சொல்லியிரிக்கலாமே" என்றான் றிபாஸ்.

"பலகைக்கு எந்தப் பக்கம் வந்து சொல்ற, தம்பி?"

எனக்கு முதலில் அவர்கள் இருவர் மேலும்தான் எரிச்சல் வந்தது. கார்டுகளைப் பொறுக்கிக் கட்டும்போது அது என் மேலேயே திரும்பியது. அந்த வீட்டுக்கு மாதம் இரண்டு தடவை போனவன் நான். பத்து மெஷினும் எவ்வளவு கரண்ட் தின்னும் என்று அந்த வீட்டில் சரியாகத் தெரிந்த ஒரே ஆளும் நான்தான்.

5. பிறகு

நஸ்றின் கெடு வைத்தார். இரண்டு மாதத்துக்குள் முன்னறைக்குத் தனி மீட்டர் வேண்டும். இல்லாவிட்டால் அறையைப் பூட்டித் திறப்பைத் தான் எடுத்துக்கொள்வார். வீடு அவருடைய பெயரில் என்பதை அன்றுதான் முதல் தடவையாக வாயால் சொன்னார்.

மீட்டர் வந்தது. முதல் பில்லும் வந்தது. அதை றிபாஸ் நேரே என் கடைக்குக் கொண்டுவந்து, நான் அச்சடித்தது போல முகத்துக்கு நேரே நீட்டினான். அந்தப் பில்லைக் கண்ட பிறகு பீசியா கொன்சோலா என்ற வாதம் ஓய்ந்துவிட்டது. றிபாஸ் நாலு பீசியை மருதமுனையில் ஒரு டியூஷன் வகுப்புக்கு விற்றான். அஜ்மீர் இரண்டு பழைய கொன்சோலை வந்த விலைக்குத் தள்ளினான். மிச்சமுள்ள நாலு மெஷினை இப்போது சேர்ந்து நடத்துகிறார்கள். பலகையைக் கழட்டிவிட்டார்கள். பழையபடி சிரித்துப் பேசுகிறார்கள் என்று சொல்லமாட்டேன். தேவைக்குக் கதைக்கிறார்கள்.

ஃப்ரீசர் உடனே ஓடவில்லை. இரண்டு வருஷம் சும்மா நின்றதில் கொம்ப்ரஸர் இறுகிவிட்டது. அதைத் திருத்த ஆள் பிடித்துக் கொடுத்தேன். கூலியை அஜ்மீர் கொடுத்தான். பழைய கடைகளில் பாதி வேறு ஆட்களிடம் எடுக்கப் பழகிவிட்டன. நஸ்றின் மறுபடியும் ஒவ்வொரு கடையாகப் போய்க் கேட்டு வருகிறார்.

எனக்குக் கிடைத்த பாடத்தைச் சொல்கிறேன். மலிவு எது என்று ஒருவன் கேட்டால் உடனே பதில் சொல்லாதீர்கள். எத்தனை பேர் விளையாடுவது, என்ன கேம், எத்தனை வருஷம் என்று முதலில் கேளுங்கள். கடைசியாகக் கரண்ட் பில் கட்டுவது யார் என்றும் கேளுங்கள். அதைக் கேட்டால் வியாபாரம் கொஞ்சம் கெடும். போன கிழமை ஒலுவிலிலிருந்து ஒருவர் வந்தார். பெரிய பவர் சப்ளையோடு ஒரு கேமிங் பீசி கட்ட வேண்டும், கொன்சோலைவிட அதுதானே நெடுங்காலத்துக்கு லாபம் என்றார்.

"ஊட்டுல கரண்ட் பில் கட்டுற ஆரு?" என்று கேட்டேன்.

"பொஞ்சாதி" என்றார்.

"அப்ப அவவையும் கூட்டிட்டு வாங்க. மூணு பேரும் இரிந்து கதைப்பம்."

இன்னும் வரவில்லை. வராவிட்டாலும் பரவாயில்லை.