அக்கா வகுப்பெடுத்த நாள்

ஸ்ரீரங்கத்தில் நான் வேலை பார்க்கும் நர்சரி பள்ளியில் பாடம் நடத்துகிறவர் மிஸ். அவருக்குப் பக்கத்தில் நின்று மூக்குத் துடைத்து, பென்சில் சீவி, பாத்ரூம் கூட்டிப்போய், அழுகிறவனை இடுப்பில் வைத்துக்கொண்டு திரிகிறவள் அக்கா. நான் அக்கா. பல வருஷங்களாக அக்கா. என்னிடம் பென்சில் பிடிக்கப் பழகிய பிள்ளைகள் இப்போது மீசையோடு பைக்கில் போகிறார்கள். சித்திரை வீதியில் என்னைப் பார்த்தால் வண்டியை நிறுத்தி, "நல்லா இருக்கீங்களாக்கா?" என்று கேட்பார்கள்.

போன வருஷம் தை முடிந்ததும் பிரின்சிபால் மேடம் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். யூகேஜி மிஸ் கல்யாணமாகி சிங்கப்பூர் போகிறாராம்.

"அந்த கிளாஸ உங்களுக்குத் தரலாம்னு இருக்கேன். சனிக்கிழமைல திருச்சில டிரெய்னிங் நடக்குது, போயிட்டு வாங்க. முடிச்சதும் எங்க முன்னால ஒரு கிளாஸ் எடுத்துக் காட்டணும். நல்லா வந்தா ஜூன்லேர்ந்து யூகேஜி உங்களுக்கு. இல்லன்னா வெளியிலேர்ந்து ஒருத்தங்கள எடுத்துப்போம்."

தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்துதான் பொரிந்து தள்ளினேன். "இத்தன வருஷமா கிளாஸ்ல நான் என்ன தூங்கிட்டா இருந்தேன்? எனக்கு டிரெய்னிங்காம்."

என் வீட்டுக்காரர் ரசத்தைப் பிசைந்துகொண்டே, "சரி, வேணாம்னு சொல்லிடு" என்றார். அதற்கும் எனக்குக் கோபம் வந்தது. வேண்டாம் என்று யார் சொன்னது? அந்த வகுப்பு எனக்கு வேண்டும். எத்தனையோ வருஷமாக வேண்டும். வாய்விட்டுச் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

பயிற்சி தில்லை நகரில், ஒரு பள்ளிக்கூடத்து மாடி ஹாலில். வந்திருந்தவர்கள் எல்லாரும் என்னைப்போல அக்காக்கள்தான். லால்குடியிலிருந்து ரயிலேறி வந்தவர்களும் இருந்தார்கள். எனக்குப் பக்கத்தில் பாலக்கரைக்காரி ஒருத்தி உட்கார்ந்தாள். என் வயதுதான் இருக்கும், என் வாய்க்கு அவள் வாய் கொஞ்சமும் சளைத்ததில்லை. பயிற்சி தரும் மேடம் உள்ளே வந்ததும் என் காதில், "அல்லாவே, புள்ளையவிட சின்னதா இருக்காங்க" என்றாள். உண்மையில் அந்த மேடம் என் தோளுக்குத்தான் இருந்தார். குரல் மட்டும் ஹால் முழுக்கக் கேட்டது.

இரண்டாவது வாரம் எங்களுக்குள்ளேயே வகுப்பெடுத்துப் பழகச் சொன்னார். ஒருத்தி மிஸ், மற்றவர்கள் பிள்ளைகள். என் முறை வந்தது. போர்டில் ஒரு மீனை வரைந்து, நன்றாகத்தான் ஆரம்பித்தேன். பாதியில் பாலக்கரைக்காரியின் முழங்கை பட்டு தண்ணீர் பாட்டில் கவிழ்ந்தது. அவ்வளவுதான். நான் சாக்பீஸைப் போட்டுவிட்டு மூலையிலிருந்த மாப்பை எடுக்க ஓடினேன். நான் மட்டுமா? பிள்ளைகளாக உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் எழுந்து ஓடினார்கள். ஒருத்தி நாற்காலிகளை நகர்த்தினாள், ஒருத்தி பைகளைத் தூக்கினாள், இருந்த ஒரே மாப்பை நானும் லால்குடிக்காரம்மா ஒருத்தரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தோம். தரை பளிச்சென்று ஆகிவிட்டது. நிமிர்ந்து பார்த்தால் போர்டில் மீன் மட்டும் தனியாக இருக்கிறது.

மேடம் கண்ணில் நீர் வரச் சிரித்தார். "எல்லாம் சரி, இப்ப கிளாஸ யாருங்க எடுக்கறது?"

எங்களுக்கும் சிரிப்பு அடங்கவில்லை. அடங்கிய பிறகு அவர் சொன்னார்: "ஒரு புள்ளைக்கு எதாவது ஆனா நீங்க அங்க போயிடறீங்க. மிச்சப் புள்ளைங்க அப்ப யார்கிட்ட இருக்கு? நின்ன எடத்துலேர்ந்தே சமாளிக்கப் பாருங்க. 'யாரு துடைக்கிறீங்க?'ன்னு புள்ளைங்களையே கேளுங்க."

சொல்வது சுலபம். அடுத்த வாரம் முழுக்க என் கை என் பேச்சைக் கேட்கவில்லை. ஒரு பயல் பையின் ஜிப்போடு மல்லுக்கட்டினால் என் கை தானாக நீண்டுவிடும். முந்தானையைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். வீட்டில், "என் கண்ணாடி எங்க?" என்று அவர் கேட்டபோது, அது டிவி மேல் இருப்பது தெரிந்தும், "தேடிப் பாருங்க, கெடைக்கும்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "டிரெய்னிங் உனக்கா எனக்கா?"

எடுத்துக் காட்டும் நாள் வந்தது. பிள்ளைகள், நான் அக்காவாக இருக்கும் எல்கேஜி வகுப்புதான். பிரின்சிபாலும் பயிற்சி மேடமும் பின்னால் உட்கார்ந்தார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் எங்கள் எல்கேஜி மிஸ். கண்டிப்பானவர். சத்தமே போடாமல் ஒரு பார்வையில் வகுப்பை அடக்குவார். இத்தனை காலமும் நான் அவர் பார்த்த பக்கம் ஓடியவள்தான்.

மேஜைமேல் ஒரு பெரிய அகல டப்பில் தண்ணீர். எது மிதக்கும், எது மூழ்கும் என்பது பாடம். ரப்பரைக் காட்டி, "இது மூழ்குமா, மிதக்குமா?" என்று கேட்டேன். அத்தனை தலையும் பின்னால் திரும்பி மிஸ்ஸைப் பார்த்தன. பதில் சொல்லலாமா என்று அவரிடம் அனுமதி கேட்கின்றன. சாவியைக் காட்டினேன். மறுபடியும் எல்லாத் தலையும் பின்னால். யூகேஜி வகுப்பு கையை விட்டுப் போகிறது என்றே நினைத்தேன். பிள்ளைகள்மேல் கோபமில்லை. அழுதால் அக்கா, பாடத்துக்கு மிஸ் என்றுதானே நாங்கள் எல்லாரும் சேர்ந்து அவர்களைப் பழக்கியிருக்கிறோம்.

அப்போது மிஸ் ஒரு காரியம் செய்தார். எழுந்து, நாற்காலியைத் தூக்கித் திருப்பிப் போட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். எங்களுக்கு அவர் முதுகும் பின்னலும்தான் தெரிந்தன. பிள்ளைகளுக்கு ஒன்றும் புரியவில்லை. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிறகு ஒவ்வொரு தலையாக என் பக்கம் திரும்பியது.

நான் மேஜைக்கு அடியிலிருந்து தேங்காயை எடுத்தேன். மட்டை உரித்த முழுத் தேங்காய். "இது?"

"மூழ்கும், மூழ்கும்" என்று ஒரே குரல். ஒருத்தி மட்டும் எழுந்து நின்றாள். "இல்லக்கா. மிதக்கும். ஆடிப்பெருக்குக்கு எங்கம்மா காவேரில விட்டாங்க. அது பாட்டுக்குப் போயிட்டே இருந்துச்சு."

"போட்டுப் பாக்கலாமா? யாரு போடுறீங்க?" என்று கேட்டேன். எல்லாரும் கை தூக்கினார்கள். அவளைத்தான் கூப்பிட்டேன். தொபீரென்று போட்டாள். தேங்காய் ஒரு முங்கு முங்கி மேலே வந்து ஆடியது. வகுப்பு அதிர்ந்தது. பிரின்சிபாலே பாதி எழுந்து எட்டிப் பார்த்தார். அதற்குப் பிறகு இலை, கல், வளையல், யாரோ ஒருத்தனின் டிபன் டப்பா மூடி என்று எல்லாவற்றையும் அவர்களே போட்டார்கள். சட்டையெல்லாம் ஈரம். நான் நின்ற இடத்திலிருந்து நகரவில்லை. அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. தொண்டை கட்டும்வரை பேசினேன்.

முடிந்ததும் பிரின்சிபாலும் பயிற்சி மேடமும் தாழ்ந்த குரலில் ஏதோ பேசிக்கொண்டார்கள். பிறகு பிரின்சிபால் முன்னால் வந்து பிள்ளைகளிடம், "நீங்கல்லாம் யூகேஜி போறப்ப இவங்கதான் உங்க மிஸ்" என்றார். கைதட்டினார்கள். தேங்காய் போட்டவள் மட்டும் தட்டவில்லை. முகம் சுருங்கிவிட்டது.

"அப்ப எங்களுக்கு அக்கா யாரு?"

பிரின்சிபால் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். இதை நாங்கள் யாரும் யோசித்திருக்கவில்லை. வீட்டுக்குப் போகும் மணியும் அப்போதுதான் அடித்தது.

சுவர்ப் பக்கமிருந்து குரல் வந்தது. "இன்னைக்கு நான்தான்."

எங்கள் கண்டிப்பான மிஸ் எழுந்து வந்து, புடவையைச் செருகிக்கொண்டு தரையில் மண்டி போட்டார். அந்தப் பெண்ணின் ஈரக் கையைத் தன் தலைப்பால் துடைத்துவிட்டு, தண்ணீர் பாட்டிலை அவள் கழுத்தில் மாட்டினார். அடுத்த பிள்ளையை இழுத்து நிறுத்திக்கொண்டு, நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"ஒவ்வொருத்தரா அனுப்புங்க, மிஸ்."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொள்ளாமலே முதல் பெயரைக் கூப்பிட்டேன்.