ஏரி நடுவே திறக்காமல் போன ரம்மி

என் நாட்குறிப்பில் 27.9.2022, செவ்வாய்க்கிழமைப் பக்கத்தில் மூன்று வரிதான் இருக்கிறது. "அமாவாசை கழிந்து இரண்டாம் நாள். கஸ்தூரி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். தாயே கங்கையம்மா, என் கையை முடக்கிப் போடு."

கஸ்தூரி என் மனைவி. நான் பழவேற்காடு ஏரியில் இறால் பிடிப்பவன். போனில் பணம் கட்டி ஆடும் ரம்மி என்னைப் பிடித்து அப்போது பதினோரு மாதம் ஆகியிருந்தது.

இருபது வருடமாகக் காற்று, நீரோட்டம், பட்ட இறால் எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதி வருகிறேன். அந்தப் பழக்கமே என்னைக் கெடுத்தது. அமாவாசை ஓட்டத்தில் இறால் படுவதுபோலச் சீட்டுக்கும் ஒரு ஓட்டம் இருக்கும் என்று நம்பினேன். பிறையையும் ஆட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் குறித்தேன். கஸ்தூரி நோட்டைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"இன்னாய்யா இது? நெலாவப் பாத்துதான் அவன் சீட்டு போட்றானா? இருவது வருசமா எழுதனதெல்லாம் இதுக்குத்தானா?"

அன்றும் ஆடினேன். போனிலிருந்து அந்த ஆட்டத்தை நான்கு முறை அழித்தேன். நான்கு முறையும் திரும்ப இறக்கினேன். ஒரு முறை, அழித்த ஒரு மணி நேரத்துக்குள். கோயிலில் நின்று, ஒரே ஒரு தரம் ஜெயிக்க வை தாயே, விட்டுவிடுகிறேன் என்று பேரம் பேசினேன். தோற்றேன். நீரோட்டம் நன்றாக இருந்த நாட்களில் என் வலை கரையில் காய்ந்தது. பிறகுதான் அவள் போனாள்.

அக்டோபர் 3, திங்கள். வீட்டில் இருக்க முடியவில்லை. படகை எடுத்துக்கொண்டு வடக்கே, ஏரியின் ஆந்திரக் கரையில் இருக்கும் கஸ்தூரியின் அண்ணன், என் மச்சான் ரமணய்யா ஊருக்குப் போனேன். மகள் ஓடிவந்தாள்.

"நைனா, போனையும் எடுத்தாந்துட்டியா?"

அன்று மாலையே ஒளிந்து ஆட்டத்தைத் திறந்தேன். உங்கள் இடத்தில் இதை விளையாட முடியாது என்று வந்தது. பின்னால் நின்று பார்த்த ரமணய்யா சிரித்துவிட்டார்.

"எங்க பக்கம் அது ஓடாது பாவா. சர்க்காரு மூடிச்சி. இங்கயே இரு, என்னோட வலைக்கு வா."

"எத்தினி நாளு?"

"உன் கை போனத் தேடுறது நிக்கிற வரிக்கும்."

ஆறு நாள்கூடத் தாங்கவில்லை. அக்டோபர் 9, ஞாயிறு, பௌர்ணமி. வலை பார்த்துவிட்டு வருகிறேன் என்று பொய் சொல்லி, பகலில் தனியாகத் தெற்கே கிளம்பினேன். ஏரி நடுவில் எங்கோ எல்லை இருக்கிறது. அதைத் தாண்டினால் ஆட்டம் திறக்கும். இதைவிடக் கேவலமான பயணம் என் குறிப்புகளில் இல்லை. கோல் ஊன்றுவேன், நிறுத்துவேன், போனைப் பார்ப்பேன். தமிழ்நாட்டு ஊரான சுண்ணாம்புக்குளம் நேர் மேற்கே வந்தது. தமிழ்நாட்டுக்குள் வந்துவிட்டேன் என்று நினைத்தேன். திறக்கவில்லை. இன்னும் போனேன். திறக்கவில்லை. கோலைப் போட்டுவிட்டு உட்கார்ந்து அழுதேன். கையை முடக்கு என்று கேட்டது நான்தான் என்பது அப்போதுதான் உறைத்தது.

திரும்பிப் போய்க் கஸ்தூரியிடம் போனைக் கொடுத்தேன். எங்கே போனேன், எதற்குப் போனேன், எல்லாம் சொன்னேன். அவள் போனை வாங்கி அணைத்தாள்.

"கங்கையம்மா ஒருவாட்டி நிறுத்துனா. மிச்சத்த நாம நிறுத்தணும்யா," என்றாள்.

ஊருக்குத் திரும்பியதும் பட்டன் போன் வாங்கினோம். போனில் பணம் அனுப்பும் வசதியை பேங்கில் எழுதிக் கொடுத்து நிறுத்தினோம். இறால் விற்ற காசு அவள் கைக்கே போனது. பொன்னேரியில் ஒரு மனநல டாக்டரை மாதாமாதம் பார்த்தேன். வெறி வரும்போது ரமணய்யாவைக் கூப்பிட்டு, "வருது மச்சான்" என்பேன். அவர் எதையாவது பேசிக்கொண்டிருப்பார், அது தணியும்வரை. அந்த ஞாயிறுக்குப் பிறகு நான் ஆடவில்லை. சில நாட்களில் கை இன்றும் தேடுகிறது.

அம்மனை நம்பும் அன்பர்களே, உங்கள் வீட்டில் யாருக்காவது இந்தச் சூதாட்டக் கட்டு இருந்தால், ஜெயிக்க வை என்று அவள் முன்னால் நிற்காதீர்கள். வழியை அடைத்துவிடு என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, வெட்கத்தை விட்டு வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள். அம்மன் எனக்குச் செய்தாள், உங்களுக்கும் செய்வாள்.

ஒன்றை மறைக்காமல் எழுத வேண்டும். அன்று போனுக்கு ஆந்திர டவர்தான் கிடைத்திருக்கும் என்கிறார்கள் சிலர். படகு எல்லையைத் தாண்டியே இருக்காது என்கிறார்கள் வேறு சிலர். எல்லை காட்டும் வரைபடத்தில் வைத்துப் பார்க்க எனக்கு இன்னும் வாய்க்கவில்லை. நான் அழுத இடம் எந்த மாநிலத்துத் தண்ணீர் என்பது இதுவரை சரிபார்க்கப்படவில்லை.