ஆயா கொடுத்த ரொட்டி

இலங்கைக்குச் சுதந்திரம் வந்த மறுவருஷம், மாரியம்மன் திருவிழாவன்று, வட்டவளைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆறு தம்பியை அடித்துக்கொண்டு போனது. எனக்கு ஆறு வயது. அவனுடைய ஈரக் கை என் கையிலிருந்து நழுவியது நினைவிருக்கிறது என்று நான் சொல்லும்போதெல்லாம் அம்மா ஒரே பதிலைச் சொல்வாள்.

"நீ அங்க இல்லப்பா. புள்ளக்காம்பராவுல ஆயா குடுத்த ரொட்டிய தின்னுக்கிட்டு இருந்த."

அம்மாமார் கொழுந்து பறிக்கப் போகும்போது பிள்ளைகளை ஆயாவிடம் விட்டுப் போகிற இடம் அது. கேட்டுக் கேட்டு, ரொட்டியில் ஒட்டியிருந்த சாம்பல்கூட எனக்குத் தெரிய ஆரம்பித்தது.

பிற்பாடு நினைவை ஆராய்வதே என் பிழைப்பானது. நடக்காத ஒன்றை, நம்பிக்கையான ஒருவர் அதே வார்த்தைகளில் பலமுறை சொன்னால், கேட்டவர் அதைக் கண்ணால் கண்டதாகவே சொல்வார். எத்தனையோ பேரிடம் இதைச் செய்து பார்த்தேன். என் புத்தி எங்கே போயிருந்ததோ, அம்மாவை நினைக்கவேயில்லை.

அம்மாவை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பும்போது பிள்ளைக்காம்பரா பூட்டியிருந்தது. ஏன் என்று சித்தப்பாவிடம் கேட்டேன்.

"ஞாயித்துக்கெழமதானே. வேல இல்லாத நாளு அத எப்பத் தொறந்தாங்க?"

திருவிழாவன்றும் யாருக்கும் வேலை இல்லை. அப்படியானால் என் கையிலிருந்துதான் நழுவியிருக்கிறான். ஆனாலும் இன்றுவரை தம்பியை நினைத்தால் முதலில் என் வாயில் வருவது அந்த ரொட்டியின் ருசிதான்.