பாய் சொல்லியனுப்பிய துளை

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் எங்கள் அப்பாவின் பட்டறைக்கும் அடுத்த பட்டறைக்கும் நடுவே ஒரே சுவர். அந்தச் சுவரை யாருமே மதித்ததில்லை என்பதுதான் பதினொரு வயதில் எனக்கிருந்த பெருங்கோபம்.

அப்பா மூன்று மாதம் உழைத்து ஒன்று செய்திருந்தார். துளைபோடும் இயந்திரத்தில், துளை விழுந்ததும் இரும்புத் துண்டை ஒரு ஸ்பிரிங் தானே வெளியே தள்ளிவிடும். சுழலும் முனைக்கருகே விரலைக் கொண்டுபோக வேண்டியதில்லை. அடுத்த பட்டறைக்காரர், பூந்தமல்லியிலிருந்து வருகிற பாய், ஸ்பேனர் இரவல் கேட்க வந்து அதன்முன் நின்றுவிட்டார்.

"இன்னா அண்ணாத்தே, தானா துப்புது?"

அப்பா மறைக்க வேண்டாமா? சாக்பீஸால் தரையிலேயே படம் வரைந்து காட்டினார். நான்காம் நாள் பாயின் பட்டறையிலும் அதே 'டக்' சத்தம். எட்டிப் பார்த்து எழுதினால் எங்கள் வகுப்பில் பெஞ்சின்மேல் நிற்க வைப்பார்கள்; இங்கே எட்டிப் பார்த்தவருக்கு டீ வாங்கித் தந்தார்கள்.

விடுமுறை நாட்களில் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோவது என் வேலை. தூக்குச்சட்டியோடு நேரே பாயிடம் போனேன். "இது எங்கப்பா கண்டுபிடிச்சது. நீங்க திருடிட்டீங்க."

அவர் சிரித்தார். "ஆமா கண்ணு, திருடிட்டேன். பதிலுக்கு நீ ஒண்ணு திருடிகினு போ. ஸ்பிரிங்குக்கு அடியில இரும்புப் பிசிறு அடைச்சிக்குது. அங்க ஒரு ஓட்டை போட்டா கீழ கொட்டிடும். மறக்காம உங்க நைனாகிட்ட சொல்லு."

நான் சொல்லவில்லை. திருடியவரே திருத்தமும் சொல்வதா?

அந்த வாரக் கடைசியில், என் கண்முன்னே ஸ்பிரிங் அடைத்துக்கொண்டது. சிக்கிய துண்டை எடுக்கப் போன அப்பாவின் ஆள்காட்டி விரல் நுனி நகத்தோடு பிய்ந்தது. அலறல் கேட்டு ஓடிவந்த பாய், கைக்குட்டையால் விரலை இறுகக் கட்டியபடியே கேட்டார்: "ஓட்டை போடச் சொல்லி பாப்பாகிட்ட சொல்லி உட்டேனே, சொல்லலியா?"

அப்பா என்னைப் பார்த்தார்.

"சொல்லிச்சு பாய். நான்தான் நாளைக்குப் போட்டுக்கலாம்னு உட்டுட்டேன்."

மொபெட்டில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை பாய் அவரைத் திட்டிக்கொண்டே போனாராம்.

என்னை அடியிலிருந்து காப்பாற்றவே அப்பா பொய் சொன்னார் என்று வெகுகாலம் நம்பியிருந்தேன். என்னைக் காட்டிக்கொடுக்கப் பார்த்த பாயின்மேல் கோபம் கூடத்தான் செய்தது. சொன்ன சேதி போய்ச் சேராத இடம் இது என்று தெரிந்துவிட்டால், அடுத்த முறை பாய் எதையாவது சொல்ல வருவாரா என்ற பயம், ரத்தம் சொட்டிய அந்த நேரத்திலும் அப்பாவுக்கு இருந்திருக்கிறது. அது எனக்கு அப்போது தெரியாது.