பின் சீட்டில் இம்ரேனே

இதைக் கேட்டு என் தங்கை சிரித்தாள். நீங்களும் சிரித்துக்கொள்ளுங்கள். ஆனால் அன்று காரை ஓட்டியவன் நான்.

ஹங்கேரியின் ஷோப்ரோனில் வீடு, எல்லைக்கு அந்தப் பக்கம் ஆஸ்திரியாவில் இறைச்சிக் கூடத்தில் வேலை. நானும் இம்ரேயும் ஒரே காரில் போவோம். காலை ஐந்தரை மணி, பனிமூட்டம். சோதனைச் சாவடியில் வழக்கம்போல வரிசை நகரவே இல்லை. எனக்கு எரிச்சலாக வந்தது. இன்னொரு முறை தாமதமானால் இரண்டு பேர் சீட்டும் கிழிந்துவிடும் என்று மேற்பார்வையாளர் சொல்லியிருந்தார். அவர்கள் ஊர் ஆட்கள் தொடாத வேலைக்கு இவ்வளவு மிரட்டல்!

காவலர் எங்கள் அட்டைகளைப் பார்த்தார். பின் சீட்டில் டார்ச் அடித்தார்.

"அந்தம்மா அட்டை எங்க?"

பின்னால் எங்கள் கோட்டுகள்தான் கிடந்தன. அதைத்தான் சொன்னேன். அவர் முறைத்தார். பின் ஜன்னலில் குனிந்து பெயர் கேட்டார். காது கொடுத்தார்... தலையாட்டினார்...

"பாகோஷ் இம்ரேனே. அவங்களே சொல்றாங்க. யாருமில்லைன்னு என்கிட்டயே கதை விடுறீங்களா?"

பாகோஷ் என்பது இம்ரேயின் குடும்பப் பெயர். எங்கள் பக்கம் கல்யாணமானவள் புருஷன் பெயரோடு 'னே' சேர்த்துக்கொள்வாள்; இம்ரேனே என்றால் இம்ரேயின் மனைவி. ஆஸ்திரியக்காரருக்கு அது தெரிய நியாயமில்லை.

இம்ரேயின் மனைவி மார்த்தா அப்போது வீட்டில் தூங்கிக்கொண்டிருக்க வேண்டும்.

இம்ரே பதறிப்போய் அவளுக்குப் போன் போட்டான். மணி அடித்தது... அடித்தது... எடுத்துவிட்டாள். கரகரத்த குரல்.

"நல்லாத்தான் இருக்கேன். வேலைக்குப் போ."

அப்பாடா என்றிருந்தது. காவலர் மறுபடி டார்ச் அடித்தார். குழம்பிப்போய், போங்கள் என்று கையசைத்தார்.

வழியில் இம்ரே மெல்லச் சொன்னான்: "எங்கப்பா பேரும் இம்ரேதான்டா. அம்மாவும் இம்ரேனேதான்."

அவன் அம்மா இறந்து இரண்டு வருடம். அவளும் ஓட்டல் அறை கூட்ட இதே சாலையில் போய்வந்தவள்தான். செத்த பிறகும் இந்த வரிசையில் நிற்க வைக்கிறார்களே என்று நான் திட்டினேன். இம்ரே சிரித்தான். வந்தது அம்மாவின் பேய் என்பதில் எங்களுக்கு அவ்வளவு நிம்மதி.

பத்து மணிக்கு மார்த்தாவின் அக்கா அழைத்தாள்.

மார்த்தா படுக்கையிலேயே இறந்துகிடந்தாள். மாரடைப்பு.

உயிர் போனது நாலு மணிக்கு என்றார் டாக்டர். இம்ரே விளக்குப் போடாமல் கிளம்பி வந்தது ஐந்து மணிக்கு.

"அப்போ நம்மகூட வந்தவ மார்த்தாதான்டா," என்றான்.

கையிலிருந்த போனையே பார்த்தான்.

"இதுல பேசினது அம்மா."